புறவாசல்ல ஒரு தேன்பெட்டி: வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

“வீட்ல தேனீ வளர்க்கணும், எங்க ஆரம்பிக்கிறது?” இதுதான் இன்னைக்கு விஷயம். பெட்டி, விலை, லாபம்னு நேரா போகாம, என்னோட முதல் கூட்டத்தை நான் எப்படித் தொலைச்சேன்னு சொல்லிட்டுப் போறேன். அதைக் கேட்டுட்டு நீங்க பெட்டி வாங்கினா, உங்க தேனீக்களுக்கு நல்லது.

நான் இருக்கிறது ஆழ்வார்குறிச்சி. 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், இப்போ தென்காசி. மேற்கே மலை, பக்கத்துல கடனா நதி, சுத்தி வயல். 2020ல ஆபீஸ் வீட்டுக்கு வந்தப்போ நானும் சென்னையிலிருந்து ஆச்சி வீட்டுக்கு வந்துட்டேன். புறவாசல்ல ரெண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு வேம்பு, கிணத்தடியில வாழை. இது போதும்னு தோணுச்சு. ஆச்சி மட்டும், “ஏல, கொட்டுனா யாரு பாக்குறது?”ன்னு கேட்டா. நான் யூடியூப் பார்த்திருந்தேன். அதனால பயம் இல்ல.

எந்தத் தேனீ?

நம்ம ஊர்ல பார்க்கிற தேனீ எல்லாத்தையும் பெட்டியில வைக்க முடியாது. பெரிய மரக்கிளையிலயும் பாறையிலயும் ஒத்தை அடையா தொங்குறது மலைத்தேனீ. வேலிச் செடியில கையகலத்துக்கு அடை கட்டுறது கொம்புத்தேனீ. இது ரெண்டும் வெட்டவெளியில ஒரே ஒரு அடைதான் கட்டும், பெட்டிக்குள்ள தங்காது. சுவர் இடுக்குல இருக்கிற கொசுத்தேனீ கொட்டாது, ஆனா தேன் ரொம்பக் கொஞ்சம்தான்.

பெட்டிக்கு ஏத்தது ரெண்டு. ஒண்ணு, வெளிநாட்டுல இருந்து வந்த இத்தாலியத் தேனீ. தேன் அதிகம், ஆனா பூவைத் தேடிப் பெட்டியை ஊர் ஊரா தூக்கிட்டுப் போறவங்களுக்குத்தான் அது சரிப்படும். இன்னொண்ணு நம்ம இந்தியத் தேனீ. மரப்பொந்துலயும் பாழடைஞ்ச சுவர்லயும் வரிசையா பல அடை கட்டுற அடுக்குத்தேனீ. வீட்டுக்கு இதுதான் சரி.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

1851ல லாங்ஸ்ட்ராத்னு ஒரு அமெரிக்கர் ஒண்ணைக் கவனிச்சார்: தேனீ நடந்து போற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டா, அந்த இடத்தை அது அடை கட்டி அடைக்காது. அதனாலதான் சட்டத்தை ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வைக்க முடியுது. நம்ம தேனீ உருவத்துல சின்னது. அதுக்குத் தகுந்த மாதிரி சின்னப் பெட்டியை 1910கள்ல திருச்சியில நியூட்டன்ங்கிற பாதிரியார் செஞ்சார். இன்னைக்கும் அது நியூட்டன் பெட்டிதான்.

கீழே அடிப்பலகை, அதுக்கு மேல புழு அறை, அதுக்கு மேல தேன் அறை, கடைசியா மூடி. புழு அறைதான் வீடு. ராணி முட்டை போடுறது, குஞ்சு வளர்றது, அதுங்க சாப்பாடு எல்லாமே அங்கதான். தேன் அறையில சேர்றது மிச்சம். நாம கை வைக்கிறது அந்த மிச்சத்துல மட்டும்தான். இதை மனசுல வச்சுக்கோங்க, நான் வைக்கல.

மார்த்தாண்டம் பயணம்

கூட்டம் வாங்க மார்த்தாண்டம் போனேன். தேனீ வளர்ப்புல அந்த ஊருக்குப் பெரிய கதை இருக்கு. 1920கள்ல அங்க ஸ்பென்சர் ஹேட்ச்ங்கிற அமெரிக்கர் நடத்தின ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம், ஏழைக் குடும்பங்களுக்கு உபதொழிலா இதைச் சொல்லிக் கொடுத்துச்சு. இப்போ அங்க ரப்பர் தோட்டம்தான் பெரிய ஆதாரம். ரப்பர்ல தேன் பூவுல இருந்து வராது, தளிர் இலைக் காம்புல சுரக்கும்.

எனக்குக் கூட்டம் கொடுத்த அண்ணன் 1990கள் ஆரம்பத்தைப் பத்திச் சொன்னார். தாய் சாக்ப்ரூட்னு ஒரு வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்கள்ல பெரும்பகுதியை அழிச்சுடுச்சு. புழு பை மாதிரி ஊதி அறைக்குள்ளயே செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. தப்பிச்ச பலமான கூட்டங்கள்ல இருந்துதான் திரும்பப் பெருக்கினாங்க. “அதனால மக்கா, கூட்டம் வாங்கும்போது தேனைப் பாக்காத, புழுவைப் பாரு”ன்னார். வெள்ளையா, வளைஞ்சு, பளபளன்னு இருந்தா நல்ல புழு.

பெட்டியை ராத்திரிதான் கொண்டு வரணும். பகல்ல வெளிய போன தேனீ எல்லாம் அப்போதான் உள்ள இருக்கும். வாசலை வலையால அடைச்சு, குலுங்காம மடியில வச்சுக் கொண்டு வந்தேன்.

எங்க வைக்கிறது?

காலை வெயில் படணும், மதியம் நிழல் வேணும். எங்க ஊர்ல ஆனி, ஆடியில மலையில இருந்து காத்து தள்ளும், அதனால வாசல் கிழக்குப் பார்த்து. ஸ்டாண்ட் கால் ஒவ்வொண்ணையும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள நிறுத்துங்க, இல்லைன்னா எறும்பு ஏறிடும். பக்கத்துல ஆழமில்லாத சட்டியில தண்ணியும் உள்ள கொஞ்சம் கல்லும். ஆள் நடக்கிற பாதைக்கு நேரா வாசல் வேண்டாம். வயல்ல மருந்து அடிக்கிறவங்ககிட்ட முன்னாடியே பேசிடுங்க: சாயங்காலம் அடிச்சா உங்க தேனீ பிழைக்கும்.

வாரம் ஒரு தடவை திறந்தா போதும். ராணியைத் தேட வேண்டாம். அறையின் அடியில சின்ன அரிசி மாதிரி முட்டை நிக்குதான்னு பாருங்க. நின்னா ராணி இருக்கான்னு அர்த்தம்.

காலிப் பெட்டி

சித்திரையில வேம்பு பூத்துச்சு. தேன் அறை நிறைஞ்சுது, எடுத்தேன். சொந்தக்காரங்க கேட்டாங்க. புரட்டாசியில இன்னொரு தடவை எடுத்தேன். அந்தத் தடவை புழு அறைச் சட்டத்தோட மேல் ஓரத்துல இருந்த தேனையும் வெட்டிட்டேன்.

ஐப்பசியில மழை பிடிச்சுது. விடாம பெஞ்சா தேனீ வெளிய போக முடியாது, பூவுலயும் ஒண்ணும் இருக்காது. நானும் மழைன்னு பெட்டிப் பக்கம் போகல. கார்த்திகையில ஒரு நாள் வெயில் வந்து திறந்தா, உள்ள ஒரு தேனீ கூட இல்ல. செத்தும் கிடக்கல. மெழுகுப் பூச்சி அடையில நூல் கட்டி வச்சிருந்துச்சு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். “சர்க்கரைப் பாகு வச்சியா?” “இல்லண்ணே.” கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “பசிச்சா அது போயிரும் மக்கா”ன்னார்.

நம்ம தேனீயோட குணம் அது. சாப்பாடு இல்லைன்னாலோ, எறும்பு, பூச்சி தொல்லை தாங்கலைன்னாலோ, சும்மா சும்மா திறந்து பார்த்தாலோ, மொத்தமா கிளம்பிடும். மழைக்காலத்துல ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணி கொதிக்க வச்சு ஆற வைங்க. சிரட்டையில ஊத்தி, மூழ்காம இருக்க மேல குச்சி போட்டு, சாயங்காலம் பெட்டிக்குள்ளயே வைங்க. வெளிய வச்சா வேற கூட்டம் திருட வரும்.

சுவருக்குள்ள ஒரு கூட்டம்

விட்டுடலாம்னுதான் இருந்தேன். மாசியில பக்கத்து வளவு பழைய வீட்டுச் சுவர்ல ஒரு கூட்டம் இருக்குன்னு தீப்பந்தம் கட்டிட்டு இருந்தாங்க. ஆச்சிதான் வந்து, “போய் எடுத்துட்டு வாயேன்ல, எரிக்கப் போறாவ”ன்னா.

அண்ணன் வீடியோ காலில் சொல்லச் சொல்ல, சாயங்காலமா புகை போட்டு, ஒவ்வொரு அடையா வெட்டி, முட்டை, புழு இருக்கிற அடையை மட்டும் வாழைநாரால சட்டத்துல கட்டினேன். ராணி உள்ள போய்ட்டா மத்தது தானா வரும். எப்படித் தெரியும்? வாசல்ல நிக்கிற தேனீக்கள் வாலைத் தூக்கி இறக்கை வீசும். வாசனையை விசிறி மத்ததைக் கூப்பிடுது. நான் அன்னைக்கு அதை டார்ச் வெளிச்சத்துல பார்த்தேன். மூணு கொட்டு வாங்கினது அப்புறம்தான் தெரிஞ்சுது.

கொட்டைப் பத்தி: கொடுக்கு தோல்லயே தங்கி விஷத்தை இறக்கிட்டே இருக்கும், உடனே நகத்தால சுரண்டி எடுங்க. வீக்கம், வலி சகஜம். மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கத் தடிப்பு, மயக்கம் வந்தா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரி. வீட்ல யாருக்காவது அப்படி அலர்ஜி இருந்தா பெட்டியே வேண்டாம்.

தேன் எடுக்கும்போது

தேன் அறையில மட்டும். சட்டத்துல முக்கால்வாசி அறையாவது மெழுகால மூடியிருக்கணும். மூடாத தேன்ல தண்ணி அதிகம், புளிச்சுடும். உறைஞ்சா கலப்படம்னு அர்த்தமில்ல. எறும்பு மொய்க்காது, நாய் நக்காதுங்கிற டெஸ்ட் எதையும் நம்பாதீங்க. இன்னொண்ணு, பிறந்த பிள்ளைக்கு நாக்குல தேன் வைக்கிற வழக்கம் நம்மகிட்ட இருக்கு. ஒரு வயசு ஆகுற வரைக்கும் வேண்டாம். தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தை குடல்ல வளர்ந்து நரம்பைப் பாதிக்கும்.

போன புரட்டாசியில தேன் கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லிட்டேன். ஐப்பசி முழுக்கக் குடை பிடிச்சுட்டுப் போய்ப் பாகு வச்சேன். நான் சென்னை போன நாலு நாள் ஆச்சி வச்சா. தை மாசம் திறந்தேன், முட்டை நின்னுச்சு.

நகரத்துல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒண்ணு. மொட்டை மாடியிலயும் வைக்கலாம், சுத்தி மரம் இருந்தா. ஆனா முதல்ல கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் மாதிரி இடத்துல ஒரு நாள் பயிற்சிக்குப் போங்க, அனுபவம் உள்ள ஒருத்தர் நம்பரை வாங்குங்க, அப்புறம் பெட்டி வாங்குங்க. ஐப்பசியில ஊர்ல இருப்பீங்களான்னு மட்டும் யோசிச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டா!