பழைய ஜாகுவாரும் அதன் பக்தர்களும்

இங்கிலாந்தில் பழைய ஜாகுவார் எக்ஸ்.ஜே.6 மோட்டார் வைத்திருப்பவரிடம் வண்டியைப் பற்றி விசாரித்தால், துருவையும் பெட்ரோல் செலவையும் சொல்லி அரைமணி நேரம் புலம்புவார். "விற்றுவிடலாமே!" என்றால் முகம் வாடிவிடும்.

அந்த அபிமானத்துக்குக் காரணம் உண்டு. 1922-ல் மோட்டார் சைக்கிள்களுக்கு சைட்கார் கட்டித் தொழில் தொடங்கிய வில்லியம் லையன்ஸ், வெறும் வரைபடத்தை நம்புகிறவரல்லர். வண்டியின் முழு அளவு மாதிரியைச் செய்வித்து, பகல் வெளிச்சத்தில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு வளைவையும் கண்ணாலேயே திருத்துவார். 1968-ல் வெளிவந்த எக்ஸ்.ஜே.6 அப்படி உருவானது. அதன் இஞ்சினோ, யுத்த காலத்தில் கவென்ட்ரி ஆலையில் குண்டுத் தீக்குக் காவலிருந்த இரவுகளில் பொறியியலாளர்கள் கூடிப் பேசிய எண்ணத்தின் வாரிசு.

உள்ளே தோல் ஆசனம், வால்நட் மரப்பலகை. பின்புறம் பக்கத்துக்கொன்றாக இரண்டு பெட்ரோல் தொட்டிகள். ஒன்று வற்றினால் பொத்தானை அழுத்தி மற்றதற்கு மாறலாம். (இரண்டையும் நிரப்பும்போதுதான் பர்ஸ் நடுங்கும்!) சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் வைத்திருப்பதால், சாலையின் இரைச்சல் உள்ளிருப்பவர் காதுக்கு எட்டுவது அபூர்வம்.

சனிக்கிழமை முழுவதும் துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டுவார். ஞாயிறன்று குடும்பத்தோடு ஓசையில்லாத உலா. விற்பனை விளம்பரம் எழுதி வைத்தவர்கூட, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்துப் போடுவதுண்டு.