பழுதா, வெறும் குலுக்கலா?

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதில் சென்ற ஆசாதிசாட் செயற்கைக்கோளின் கருவிகளுக்கு நிரல் எழுதியவர்கள் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள். திண்டுக்கல்லிலிருந்து மதுரையைத் தாண்டினால் வரும் திருமங்கலத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மூன்று திட எரிபொருள் கட்டங்களும் ஒழுங்காகவே எரிந்தன. ஆனாலும் 356 கி.மீ. உயர வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டன. 76 கி.மீ. உயரத்தில் காற்றின் இழுவை இருக்கிறது. அங்கே எதுவும் நிலைக்காது.

இரண்டாம் கட்டம் கழன்றபோது ஒரு சிறு அதிர்வு. முடுக்கத்தை அளக்கும் உணரிகள் கொஞ்ச நேரம் தம் எல்லையைத் தொட்டு நின்றுவிட்டன. அவற்றைக் கண்காணித்த நிரல், உணரிகள் கெட்டுவிட்டன என்று முடிவு கட்டி ஒதுக்கிவிட்டது. உண்மையில் அவை நன்றாகத்தான் இருந்தன. ராக்கெட் மாற்று வழிமுறைக்குத் தாவியது, வேகம் போதவில்லை.

அந்த நிரலைத் திட்டுவது சுலபம். ஆனால் பறப்பு மென்பொருளில் பாதி வேலையே சந்தேகப்படுவதுதான். கதிர்வீச்சு நினைவகத்தில் ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கிவிடலாம். நிரல் எங்கேனும் சிக்கி நின்றுவிடலாம். அதற்காகவே ஒரே கணக்கை மூன்று இடத்தில் போட்டு ஒப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் கணினியை மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் ஒன்றும் வைப்பார்கள். எப்போது சந்தேகப்படுவது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது.

இதைப் பழக ஸ்ரீஹரிகோட்டா போக வேண்டியதில்லை. சி மொழி தெரிந்த திண்டுக்கல் மாணவர் ஒருவர், சில நூறு ரூபாய் விலையுள்ள முடுக்க உணரியை ஒரு சிறு போர்டில் இணைத்து, அளவெல்லையை 2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு) என்று வைத்துக்கொண்டு, வத்தலக்குண்டு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரட்டும். வேகத்தடையில் பஸ் தூக்கிப்போடும்போது அளவு உச்சியில் முட்டி நிற்கக்கூடும். இது பழுதா, குலுக்கலா என்று பிரித்தறியும் நிரலை எழுதுவதுதான் முதல் பாடம். (பக்கத்து சீட்காரர் என்ன நினைப்பார் என்பது தனிக் கதை.)

அடுத்து எஃப் பிரைம். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் உருவாக்கிய இந்த மென்பொருள் கட்டமைப்பு, 2021-இல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் ஓடியது. இலவசமாகக் கிடைக்கிறது, ராஸ்பெர்ரி பையிலும் இயங்கும். பஸ்ஸில் பதிவான அளவுகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நிரலைத் திருத்தும்போதெல்லாம் அவற்றையே திரும்ப ஊட்டிச் சோதிக்கலாம்.

முதல் ராக்கெட்டின் தோல்விக்குப் பிறகு இஸ்ரோ, கட்டங்களைப் பிரிக்கும் அமைப்பையும் மாற்றியது, பழுது கண்டறியும் தர்க்கத்தையும் திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. மூன்று செயற்கைக்கோள்களை 450 கி.மீ. பாதையில் சேர்த்தது. அவற்றில் ஒன்று, மாணவிகளின் ஆசாதிசாட்-2.