சிவந்த தட்டும் சிவக்காத தட்டும்

இடப்புறத் தட்டில் இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது ஈ.கோலை. 1885இல் தியோடர் எஷரிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்து விவரித்த பாக்டீரியா இது. வளர்ப்பு ஊடகம், மெக்கான்கி அகார். அதிலுள்ள பித்த உப்பு, குடலுக்குப் பழகாத பலவற்றை வளரவிடாது. லாக்டோஸை நொதிக்கவைப்பவை அமிலத்தை வெளிவிட, சாயம் சிவக்கும். வலப்புறத் தட்டில் நிறமின்றி நிற்பது டைஃபாய்டு தரும் சால்மோனெல்லா. அது லாக்டோஸைத் தொடாது. (அஞ்ச வேண்டாம், இரண்டும் கொல்லப்பட்டு மூடி ஒட்டப்பட்டவை.) ஒரே இரவில், வெறுங்கண்ணுக்கே வேறுபாடு தெரிந்துவிடும், ஆய்வகங்கள் இன்னும் இதைக் கைவிடாதது அதனால்தான்.

ஆனால் குடலில் ஈ.கோலை சிறுபான்மைதான். பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் வளராதவை. அவற்றை இந்தத் தட்டில் தேடிப் பயனில்லை. மலத்திலுள்ள டிஎன்ஏவைப் பிரித்து, 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் படித்தே பெரும்பாலும் அடையாளம் காண்கிறார்கள்.