மூக்குத் தண்டு வளைந்தால் தலை வலிக்குமா?



திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒருவர் தலைவலியோடு மருத்துவமனைக்கு வந்தால், "எனக்கு சைனஸுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். "மூக்குத் தண்டு வளைஞ்சிருக்குன்னாங்க, ஆபரேஷன் பண்ணோணுமுங்களா?" என்பது அடுத்த கேள்வி. வார்டுகளைச் சுற்றி வருகையில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் போதகனேயன்றி வைத்தியனல்ல. ஆயினும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சொல்லி நான் அறிந்துகொண்டதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. அதன் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. அது நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள் மிகச் சிலரே. சிலருக்குப் பிறவியிலேயே வளைந்திருக்கும். சிலருக்குச் சிறுவயதில் விழுந்து அடிபட்டதால் வளைந்திருக்கும். பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. பஞ்சுத் தூசி இந்தச் சுவரை வளைப்பதில்லை. ஆனால் கட்டிங் மேஜையிலும் ஓவர்லாக் மிஷினிலும் பறக்கும் நூல் துகள் மூக்கின் உட்சவ்வை உறுத்தி வீங்கச் செய்யக்கூடும். ஏற்கெனவே குறுகிய பக்கம் அப்போது அடைத்துக்கொள்கிறது.

வலி எப்படி வருகிறது? முகத்தின் எலும்புகளுக்குள் சைனஸ் என்னும் காற்றறைகள் உள்ளன. அவற்றின் வாசல் அடைபட்டால் சளி தேங்கிச் சீழ் பிடிக்கலாம். அப்போது கன்னமும் நெற்றியும் கனத்து வலிக்கும். வேறொரு வழியும் சொல்லப்படுகிறது. வளைந்த சுவரில் முள்போன்ற முனை ஒன்று நீண்டு, எதிரேயுள்ள சதைமடிப்பில் அழுந்தும். மூக்குக்கும் கண்ணின் சுற்றுப்புறத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி தருவது ஒரே நரம்பின் கிளைகளாதலால், மூக்குக்குள் அழுந்துவது கண்ணோரத்தில் வலியாகத் தெரியும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வகைப்பாடு, இவ்வகைத் தலைவலியை இன்னும் ஆய்வு தேவைப்படுவது என்று பிற்சேர்க்கையில்தான் வைத்திருக்கிறது. சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த 2,991 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் அடையாளங்களே. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு அடைக்கும், நீர் வடியும். ஆகவே ஏமாறுவது எளிது. அவர்களுக்கு மூக்கை நேராக்கினாலும் தலைவலி திரும்ப வரும். வட்டிக்கு வாங்கிய பணமோ போனது போனதுதான்.

எனவே மருத்துவர்கள் முதலில் சிறு குழாய்க் கருவியால் உள்ளே பார்க்கிறார்கள். முள்முனை அழுந்தும் இடத்தில் மரத்துப்போகும் மருந்தை வைத்து, வலி குறைகிறதா என்றும் பார்ப்பதுண்டு. குறைந்தால் அது ஒரு சாட்சி. அதுவே முடிவான தீர்ப்பு அல்ல.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் மருந்துக்கடை மாத்திரையை நம்பியே நாளை ஓட்டுகிறார்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சில மாதங்கள் தொடர்ந்து வலி மாத்திரை விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். மூக்கடைப்புச் சொட்டு மருந்தும் அப்படியே: நாள்கணக்கில் விட்டால் அடைப்பு இன்னும் கூடும்.

மூச்சு உண்மையாகவே அடைபட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. நாசி வழியாகவே செய்வதால் முகத்தில் தழும்பு இராது. பிறகு ஓரிரு வாரம் பாரம் தூக்காமல், தூசியில் நிற்காமல் இருக்க வேண்டும். வாரச் சம்பளக்காரருக்கு இதுதான் கடினம். இ.எஸ்.ஐ.யில் பதிவாகி, போதிய நாட்கள் சந்தா செலுத்தியவருக்கு, மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைத்து, எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. தையல் போட்ட மூக்கோடு மூன்றாம் நாளே மிஷினில் உட்காருகிறவர்கள் இவர்கள்தான்.