அடுப்படிக்கும் ஓர் அரங்கு

இங்கிலாந்தின் கிராமங்களிலே கோடைகாலத்தில் நடைபெறும் கண்காட்சிகளில், பூவும் காய்கறியும் மட்டுமன்றி, இல்லத்தரசியர் சுட்ட கேக்கும் பின்னல் வேலைகளும் போட்டிக்கு வருகின்றன. 1897இல் கனடாவிலே தோன்றி, 1915இல் பிரித்தானியாவில் வேரூன்றிய மாதர் சங்க இயக்கம் இத்தகைய போட்டிகளைப் பேணி வளர்த்தது.

அங்கே விக்ரோறியா கேக்கின் இலக்கணம் கடுமையானது. முட்டைகளை ஓட்டுடன் நிறுத்து, அதே நிறையில் வெண்ணெய், சீனி, மா ஆகியவற்றைச் சேர்ப்பது மரபு. இடையே றாஸ்பெரி ஜாம். மேலே நுண்சீனித் தூவல். ஆறவைத்த கம்பித்தட்டின் சுவடு மேற்புறத்தில் தெரியினும் குற்றமே!

பரிசுப் பணம் பெரிதன்று. எனினும், வீட்டிலே நாள்தோறும் உண்டு மறக்கப்படும் கைவண்ணத்தை அங்கே நடுவர் நின்று நிதானித்து ஆராய்கின்றார். குணமும் குற்றமும் எடுத்துரைக்கின்றார். இல்லத்துழைப்பும் கலையென மதிக்கப்படும் அத்தருணமே மெய்யான பரிசன்றோ?