வாலில் ஒரு முறிவுக்கோடு

ஆபத்து வந்தால் வாலைப் போட்டுவிட்டு ஓடும் பிராணி என்றதும் நமக்குப் பல்லிதான் நினைவுக்கு வரும். அரணையும் அதே வழிதான். ஓணானும் உடும்பும் அப்படிச் செய்வதில்லை. பல்லியின் வால் ஏதோ இழுத்த வேகத்தில் அறுந்துபோவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உடலுக்குள் முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடு. வாலில் உள்ள முள்ளெலும்புகள் பலவற்றின் குறுக்கே, தபால்தலைகளுக்கு நடுவே ஓடும் துளைவரிசை போல, எலும்பு வலுக்குறைந்த ஒரு கோடு இருக்கும். அந்த இடத்துக்கு நேராகவே தசைகளும் பிரிந்து நிற்கும். பல்லி தசையை இறுக்கியதும் எலும்பு அந்தக் கோட்டில் முறியும், ரத்தக் குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்ளும். பின்னர் வளரும் புது வாலுக்குள் முள்ளெலும்புகள் இருக்காது. குருத்தெலும்பாலான ஒரு குழல்தான் இருக்கும். இழந்த வாலோடு அதில் சேமித்த கொழுப்பும் போய்விடும். இத்தனை இழப்பையும் தாண்டி இந்த உத்தி நிலைத்திருக்கிறதென்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: வாலில்லாமலும் பல்லியால் ஓட முடியும்.

இந்த ஏற்பாடு மிகப் பழமையானது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ரிச்சர்ட்ஸ் ஸ்பர் என்னும் சுண்ணாம்புக்கல் குவாரியில், சுமார் 28.9 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கேப்டோரைனஸ் என்ற சிறிய ஊர்வனவின் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. அதன் வால் முள்ளெலும்புகள் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை ஆரோன் லெப்லாங்க், ராபர்ட் ரைஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். இளம் விலங்குகளின் எலும்புகளில் முறிவுக்கோடு தெளிவாக இருந்தது. முதிர்ந்தவற்றில் அது மூடிக்கொண்டு வந்தது. இரண்டு கிலோ எடைகூட இல்லாத இந்தப் பிராணிக்கு வாலை விட்டுத் தப்பும் வழி இளமையில் கைகொடுத்திருக்கும் என்பது அவர்கள் வாதம்.

சிக்கல் அடுத்த கண்டுபிடிப்பில் தொடங்கியது. பிரேசில், உருகுவே, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பாறைகளில் மீசோசார் என்னும் ஊர்வனவின் எச்சங்கள் ஏராளம். கண்டங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு ஆல்ஃபிரட் வெக்னர் காட்டிய சான்றுகளில் ஒன்றாகப் பள்ளிப் பாடத்திலும் இடம்பிடித்த பிராணி இது. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு ஏறிவந்த முதுகெலும்பிகளின் வழித்தோன்றலாக இருந்தும் மறுபடி நீருக்கே திரும்பியது. அப்படித் திரும்பியவற்றில் நாம் அறிந்த மிகப் பழையவற்றுள் ஒன்று. ஒரு மீட்டரை ஒட்டிய நீளம், ஊசிகளாய் நெருங்கிய பற்கள், தடித்த விலா எலும்புகள், நீண்ட வால். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மார்க் மக்டூகலும் அவரது குழுவினரும் 2020இல் இந்த வாலின் முள்ளெலும்புகளுக்குள்ளும் முறிவுக்கோடுகள் இருப்பதைக் காட்டினார்கள். அப்படியானால் நீந்தி வாழ்ந்த இந்த விலங்கும் வாலைக் கழற்றிப் போட்டதா? கோடு இருந்தது உண்மை. அதை மீசோசார் பயன்படுத்தியது என்பதற்கு அந்தக் கோடு மட்டும் சான்றாகாது. அது பழக்கத்தைவிட வம்சாவளியைத்தான் அதிகம் சொல்கிறது.

முதலில், அந்தக் கோடு மண்ணின் பாரத்தில் பின்னாளில் விழுந்த விரிசலாக இருக்கக்கூடாதா? நியாயமான சந்தேகம். புதைந்த வால்களை ஆய்வாளர்கள் தவறாகப் படித்த வரலாறும் உண்டு. இக்தியோசார் என்னும் பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூடுகளில் வால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கீழ்நோக்கி மடிந்திருப்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன் 1838இல் கவனித்தார். அங்கே ஒரு துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று சரியாக ஊகித்தார். ஆனால் மடிப்பு இறந்த பிறகு நேர்ந்தது என்று எண்ணினார். 1890களில் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடன் பகுதியில் தோலின் விளிம்போடு கிடைத்த படிவங்கள் விடையைச் சொல்லிவிட்டன. உயிரோடிருந்தபோதே எலும்பு கீழ்நோக்கி வளைந்து பிறைவடிவத் துடுப்பின் கீழ்ப்பாதியைத் தாங்கியது. மேல்பாதி எலும்பில்லாத சதை. தற்செயலாக நேரும் சிதைவு ஒவ்வோர் உடலிலும் ஒவ்வோர் இடத்தில் நேரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தென்படுவது உடலமைப்பு. மீசோசார் இந்தச் சோதனையில் தேறுகிறது. அதன் கோடு எலும்புக்கு எலும்பு அதே இடத்தில் வருகிறது, கேப்டோரைனஸின் கோட்டையும் ஒத்திருக்கிறது. ஆகவே கோடு இயற்கையானதுதான்.

ஆனால் அமைப்பு இருப்பது வேறு, அது பயன்பட்டது வேறு. பல்லிக்கு வால் ஒரு சேமிப்பு. மீசோசாருக்கு அதுவே துடுப்பு. முன்னேறவும், இரையைத் துரத்தவும், எதிரியிடமிருந்து விலகவும் அந்த வாலின் அசைவையே அது நம்பியிருந்தது. வாலை விட்டுத் தப்பிய மறுகணமே தப்பும் வழியும் போய்விடும். பின்னாளில் கடலாண்ட ஊர்வனவற்றைப் பார்த்தாலும் இது விளங்கும். உடும்புக்கும் பாம்புக்கும் உறவான மோசசார்கள் வாலைத் துடுப்பாக வளர்த்துக்கொண்டன. பிளாட்டிகார்பஸ் என்ற மோசசாரின் வால்துடுப்புப் பற்றிய சான்று 2010இல் வெளியானது. அவற்றின் வாலில் முறிவுக்கோடு கிடையாது. சுறா கடித்த இடத்தில் சீழ் கோத்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன மோசசார் வால்கள் கிடைத்திருக்கின்றன. கடிபட்ட வாலைக் கழற்றாமல் சுமந்துகொண்டே வாழ்ந்திருக்கின்றன என்பது பொருள். மீசோசாரைப் பொறுத்தவரை இன்னும் வலுவான சான்று அதன் எலும்புக்கூடுகளிலேயே இருக்கிறது. ஆய்வுக்கு வந்தவற்றில் கோட்டில் முறிந்து ஆறிய வாலோ, மறுபடி வளர்ந்த வாலோ ஒன்றுகூட இல்லை.

மறுவளர்ச்சி குருத்தெலும்பாக இருந்தால் அது படிவமாகாமல் அழிந்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படி அழிந்திருந்தாலும் வால் பாதியில் மொட்டையாக முடியும் எலும்புக்கூடுகள் எஞ்சியிருக்க வேண்டும். மீசோசார் எலும்புக்கூடுகள் பெரும்பாலும் அமைதியான சேற்றில், எலும்புகள் வரிசை குலையாமல் படிந்தவை. அவற்றில் இதைக் காண்பது கடினமல்ல. பழைய வால்களில் மறுவளர்ச்சியைக் கண்டுபிடிக்கவும் முடிந்திருக்கிறது. செக் நாட்டில் கிடைக்கும், 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மைக்ரோபிராக்கிஸ் என்னும் சிறிய நீர்வாழ் விலங்கின் எலும்புக்கூடுகளில், இழந்த வால் மறுபடி வளர்ந்த அடையாளங்களை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் நீரில் வாழ்ந்தும் வாலை இழந்து பிழைக்க முடியும் என்றுதானே ஆகிறது? ஆகிறதுதான். ஆனால் அங்கே நடந்தது இன்றைய சாலமாண்டர்களில் நடப்பதற்கு நெருக்கமானது: முள்ளெலும்புகளோடு வாலே திரும்பக் கிடைக்கிறது. துடுப்பு முழுதாகத் திரும்புமென்றால் தற்காலிக இழப்பைத் தாங்கலாம். மேலும், கழற்றுவதும் வளர்ப்பதும் இரண்டு தனித்தனி ஆற்றல்கள். இளம் அமெரிக்க அலிகேட்டர் முதலைகள் துண்டிக்கப்பட்ட வாலை 23 சென்டிமீட்டர் வரை மீண்டும் வளர்க்கின்றன என்று 2020இல் தெரியவந்தது. ஆனால் முதலையின் வாலில் முறிவுக்கோடு இல்லை. அது தானாக வாலைக் கழற்றுவதும் இல்லை. மீசோசாரிடம் இருப்பது இதற்கு நேர்மாறு: கோடு உண்டு, வளர்ந்த தடயம் இல்லை.

கேப்டோரைனஸுக்கு ஒரு நீதி, மீசோசாருக்கு ஒரு நீதியா என்று கேட்பவர்களும் இருக்கலாம். அங்கும் கோட்டை வைத்துத்தானே பழக்கத்தை ஊகித்தோம்? அந்த ஊகத்துக்குக் கோட்டைத் தவிர வேறு துணைகளும் இருந்தன. அது நிலத்தில் நடந்த சிறிய பிராணி. ஓடுவதற்கு அதன் வால் அவசியமில்லை. எளிதில் இரையாகும் பருவத்தில் திறந்திருந்து, வளர்ந்த பின் மூடிக்கொள்ளும் கோடு, அந்த வயதில் அதற்கு வேலை இருந்ததைக் காட்டுகிறது. எலும்பு சொல்வதும் வாழ்க்கைமுறை சொல்வதும் ஒன்றாகப் போகும்போது ஊகம் வலுக்கிறது. மீசோசாரில் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. மக்டூகல் குழுவின் 2020 கட்டுரையின் தலைப்பே சான்றுகள் முரண்படுவதைத்தான் அறிவித்தது.

பயன்படாத கோடு ஏன் அழியவில்லை என்பது கடைசிக் கேள்வி, அதுவே கடினமானதும். துடுப்பில் பலவீனமான கோடு இருப்பது தீங்கென்றால் இயற்கைத் தேர்வு அதை நீக்கியிருக்க வேண்டாமா? தீங்கு பெரிதாக இருந்தால் நீக்கியிருக்கும். மீசோசார் வேகமான நீச்சல்காரன் அல்ல. உருகுவே படிவங்களைக் கொண்டு 2016இல் செய்த கணக்கு, அதற்கு உகந்த வேகம் நொடிக்கு 0.15 முதல் 0.86 மீட்டர் என்கிறது. நாம் நிதானமாக நடக்கும் வேகத்துக்கும் குறைவு. மெதுவாக அசையும் வாலில் அந்தக் கோட்டின் மேல் விழும் அழுத்தமும் குறைவு. அது வாழ்ந்த உப்பு மிகுந்த ஆழமற்ற நீரில் உயிர்வகைகளும் குறைவு. கூனியை ஒத்த சிறு ஓட்டுடலிகளே முக்கிய இரை. துரத்தும் பகைவர் அரிதான இடத்தில் கோட்டைப் பயன்படுத்தும் தேவையும் எழாது. அதன் மூதாதையர் நீருக்குத் திரும்பி நெடுங்காலம் ஆகியிருக்காது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நிலத்தில் வாழ்ந்தவர்களிடமிருந்து வந்த சொத்து இன்னும் கையில் இருந்ததில் வியப்பில்லை. குஞ்சுகள் மட்டும் அதைப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற வாதத்துக்கு இடமுண்டு. கேப்டோரைனஸ் அதற்கு முன்னுதாரணம். ஆனால் அந்த வாதம் வெல்ல, கோட்டில் முறிந்து ஆறிய வாலுள்ள ஓர் இளம் மீசோசார் கிடைக்க வேண்டும்.

எலும்பைக் கண்டதும் பழக்கத்தைச் சொல்லிவிடும் அவசரம் தொல்லுயிரியலில் எப்போதும் உண்டு. உடலில் இருக்கும் எல்லா உறுப்பும் அந்தந்தத் தலைமுறைக்கு வேலை செய்தே தீர வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். உயிர்கள் முன்னோர் விட்டுச்சென்றதையும் சுமந்துகொண்டுதான் வாழ்கின்றன. இன்றுள்ள சான்றுகளின்படி மீசோசாரால் வாலை முறித்திருக்க முடியும். ஆனால் அது முறிக்கவில்லை என்பதே பொருத்தமான தீர்ப்பு.