டிக்கெட் ஒன்று, சட்டம் மூன்று

அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. ஆரணியிலிருந்து வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்கள் ஒரே நாளில் ஓவியத்தையும் விலங்கையும் காட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். போளூர் சாலையில் வடமாதிமங்கலம் அருகே திருமலைச் சமணக் குகை ஓவியங்கள். கணியம்பாடி வழியாகப் போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி உயிரியல் பூங்கா, அதைச் சுற்றிக் காடு. சேலைக் கரையில் அன்னமும் மயிலும் நெய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உலா வேறில்லை. ஆனால் பூங்காவில் வாங்கிய டிக்கெட் பூங்காவுக்கு மட்டும்தான். காட்டுக்குள் வேறு சட்டம், குகைக்குள் வேறு சட்டம்.

பாறைமேல் பூசிய சுண்ணச் சாந்தில் தீட்டியவை குகை ஓவியங்கள். விரல் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுப் பட்டே சாந்து பொரிந்து உதிரும். புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில் யானையும் மீனும் அன்னமும் உலவும் தாமரைக் குளம் இன்று பாதிகூடத் தெளிவாக இல்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தில் பெயர் கிறுக்கினால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010இல் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். காதலியின் பெயரைச் சேலை முந்தானையில் நெய்து கொடுங்களேன், யார் கேட்கப் போகிறார்கள்?

பூங்காவில் விலங்கைச் சீண்டுவதும், தீனி போடுவதும், கூச்சல் போடுவதும், குப்பை கொட்டுவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; 6 மாதம்வரை சிறை உண்டு. ‘ஒரு முறுக்குதானே’ என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

வேலி தாண்டினால் காப்புக்காடு. வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024இல் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியும் உடன் வருவார். ‘எனக்கு ஷார்ட் கட் தெரியும்’ என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். கோடையில் பீடியும் வேண்டாம்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். மந்திரிப்பவரைத் தேடி வண்டியைத் திருப்புகிற ஒவ்வொரு நிமிடமும் விஷத்துக்குத்தான் லாபம். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம்.

சரி, தவறு நம் பக்கம் இல்லையென்றால்? உடைந்த கைப்பிடியால் பாட்டி விழுந்து எலும்பு முறிந்தால் ‘விதி’ என்று விட்டுவிட வேண்டாம். கட்டணம் வாங்கிய இடத்தில் சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம்வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. முதலில் 1915 எண்ணில் புகார் சொல்லுங்கள். டிக்கெட், உடைந்த இடத்தின் புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நம் ஆட்கள் டிக்கெட்டைக் கிழித்து வாசலிலேயே போட்டுவிடுகிறார்கள், வழக்கில் முதலில் கேட்பதே அதைத்தான்.

கழிப்பறைக்குப் பூட்டு, குடிநீர் இல்லை, வசூலான பணம் எங்கே போனது என்று கேட்கவும் வழியிருக்கிறது: தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய்க் கட்டணம். அமிர்தி பற்றி மாநில வனத்துறைக்கும், திருமலை பற்றி மத்தியத் தொல்லியல் துறைக்கும் எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த மனுவைப் போடுங்கள்; அதற்கு அடுத்த 30 நாள்தான் கெடு.